ஒழித்துவைக்க நேரமில்லாத வீடு

எவர்சில்வர் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டித் தருவார்கள். கையடக்க மெஷினின் முனை கிர்ரென்று சத்தம் போட்டபடி விளிம்பில் புள்ளி புள்ளியாக எழுத்துகளைப் பொறிக்கும்: கொடுத்தவர் பெயர், சில சமயம் வாங்கிக்கொண்டவர் பெயர், கல்யாணத் தேதி. அப்படிப் பெயர் வெட்டிய தவலை, அண்டா, தூக்குவாளி, சம்புடம் என்று ஒரு தலைமுறையின் சீர்வரிசையே இன்று தமிழ்நாட்டு வீடுகளின் பரணில் கிடக்கிறது. நாலு பேர் இருக்கும் வீட்டில் ஐம்பது பேருக்குச் சாம்பார் வைக்கும் அண்டாவை யாரும் இறக்கப்போவதில்லை. எடைக்குப் போடவும் மனம் வருவதில்லை. அதில் அத்தையின் பெயர் இருக்கிறது.

பரணை விட்டுக் கீழே வந்தால் வேறு வகை அடைசல். கொடியிலிருந்து எடுத்து மடிக்காமல் நாற்காலியில் போட்ட துணி. சாப்பாட்டு மேஜையில் பாதியை அடைத்துக்கொண்ட மாத்திரை அட்டைகள், கரண்ட் பில், பள்ளிக்கூடச் சுற்றறிக்கை. எந்த போனுக்கானது என்று யாருக்கும் தெரியாத சார்ஜர்கள். கழுவிக் கவிழ்த்த ஓட்டல் பார்சல் டப்பாக்கள். இவற்றைப் பார்த்ததும் ‘வீட்டை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை’ என்ற சொல் வந்துவிடுகிறது. பெரும்பாலும் அது வீட்டுப் பெண்ணை நோக்கியே வருகிறது. வேலைக்குப் போய்விட்டு வந்து, பிள்ளையைப் படிக்கவைத்து, மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டுபோய்த் திரும்பும் ஒருத்தியிடம் அலமாரியை ஏன் ஒழிக்கவில்லை என்று கேட்பது நியாயமா? எந்த அடைசல் உண்மையிலேயே கெடுதல் செய்கிறது, எதை அப்படியே விட்டுவிடலாம்? வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு துறைகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் இதற்கு ஓரளவு தெளிவான பதில் கிடைக்கிறது.

இந்த விஷயத்தில் மிக நெருக்கமாகப் பார்த்து எழுதப்பட்டது லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வுதான். அங்குள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 2001 முதல் 2005 வரை, கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் 32 நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளைக் கேமராவும் குறிப்பேடுமாக ஆராய்ந்தார்கள். குழுவில் இருந்த ஜீன் அர்னால்ட் ஒரு தொல்லியலாளர். அகழ்வாய்வுக் குழியில் கிடைக்கும் ஓடுகளைப் பதிவு செய்வதுபோல் வீட்டுச் சாமான்களை அவர் குழு ஒவ்வொன்றாக எண்ணியது. முதலில் எண்ணிய வீட்டில் இரண்டு படுக்கையறை, ஒரு கூடம் ஆகிய மூன்று இடங்களில் மட்டும் கண்ணுக்குத் தெரிந்த பொருள்கள் 2,260. இழுப்பறைக்குள் இருந்தவை கணக்கில் இல்லை. நாலில் மூன்று வீடுகளில் கார் நிறுத்தும் கொட்டகையில் கார் நிறுத்த இடமில்லை, பெட்டிகள் நிறைந்திருந்தன. இவையெல்லாம் 2012இல் புத்தகமாக வெளிவந்தன.

அதே குடும்பங்களைக் கொண்டு டார்பி சாக்ஸ்பி, ரெனா ரெபெட்டி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2010இல் வெளியிட்ட கட்டுரை இன்னும் முக்கியமானது. கணவனும் மனைவியும் தனித்தனியே தங்கள் வீட்டைச் சுற்றிக் காட்டியபடி பேசியதைப் பதிவு செய்தார்கள். ‘அடைசல்’, ‘முடியாத வேலை’, ‘ஒழுங்கே இல்லை’ என்ற தொனியில் அதிகம் பேசிய பெண்களின் உடலில், மன அழுத்தத்தோடு தொடர்புள்ள கார்ட்டிசால் சுரப்பு சாயங்காலத்தை நோக்கி இறங்கவேண்டிய அளவு இறங்கவில்லை. ஆண்களிடம் இந்தத் தொடர்பு தெளிவாகத் தெரியவில்லை. அடைசல்தான் அழுத்தத்தை உண்டாக்கியது என்று இந்த ஆய்வு நிறுவிவிடவில்லை. ஏற்கெனவே களைத்துப்போனவரின் கண்ணுக்கு அடைசல் அதிகமாகத் தெரிந்திருக்கவும் கூடும். ஆனால் ஒரே கூடம், ஒரே சோபா, ஒரே துணிக்குவியல், அது ஒருவரின் உடம்பில் மட்டும் ஏறுகிறது என்பது அலட்சியப்படுத்தக்கூடிய செய்தி அல்ல. அவருக்கு அது வேலை. மற்றவருக்கு அது சாமான்.

இந்தியக் கணக்கு இதை இன்னும் வெளிச்சமாக்குகிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள். வீட்டு வேலை செய்த ஆண்கள் 97 நிமிடம். ‘வீட்டு வேலை செய்த’ என்ற அடைமொழியைக் கவனிக்க வேண்டும். பெண்களில் 81 சதவீதத்தினர் அந்த வேலை செய்தார்கள். ஆண்களில் 26 சதவீதத்தினர் மட்டுமே. ஐந்து ஆண்டு கழித்து, 2024 ஆய்வில் இது 289 நிமிடம், 88 நிமிடம் என்று ஆனது. இருவருக்கும் குறைந்திருக்கிறது; இடைவெளி அப்படியே நிற்கிறது.

நிமிடக் கணக்கில் சிக்காத வேலையும் ஒன்று உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் 2019இல் எழுதிய ஆய்வு, வீட்டு வேலையின் மூளைப் பங்கை நான்காகப் பிரிக்கிறது: வரப்போவதை முன்கூட்டி உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. வீட்டில் குவிந்து கிடப்பவற்றில் பெரும்பகுதி இந்த மூன்றாவது வேலை நடக்காமல் நின்றவைதான். பையனுக்குச் சிறிதாகிப்போன யூனிஃபார்மைத் தங்கை மகனுக்குக் கொடுப்பதா, அவள் தப்பாக எடுத்துக்கொள்வாளா? ஓடாத மிக்ஸியைப் பழுது பார்ப்பதா, எக்ஸ்சேஞ்சில் போடுவதா? இந்த ரசீது வருமான வரிக்கு வேண்டுமா? ஒவ்வொன்றும் சின்ன முடிவு. நாள் முழுக்க முடிவெடுத்துக் களைத்தவரின் ராத்திரி ஒன்பது மணிக்கு அதுவும் பெரிய வேலைதான். எனவே பொருள் நாற்காலியிலேயே இருந்துவிடுகிறது.

பொருள் வந்து சேரும் வழிகளோ பெருகிவிட்டன. முன்பு ஒரு சட்டை தீபாவளிக்கு வரும். இப்போது போனில் விரலால் தொட்டால் மறுநாள் வாசலில் அட்டைப்பெட்டி. கல்யாணத்துக்குப் போனால் தாம்பூலப் பையோடு ஒரு டப்பா, புதுமனைப் புகுவிழாவில் ஒரு தட்டு, பிறந்தநாளில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பொம்மை. 2006க்குப் பிறகு அரசின் இலவசக் கலர் டி.வி., 2011 முதல் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி. அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் தோள் வலிக்க அரைத்தவர்களுக்கு அந்த கிரைண்டர் மணிக்கணக்கான உழைப்பை மிச்சப்படுத்தியது, அதைக் குறைசொல்ல இடமே இல்லை. ஏற்கெனவே ஒன்று வைத்திருந்த வீட்டில்தான் இரண்டாவது பரணேறியது.

வெளியே போகும் வழி மட்டும் ஏன் இவ்வளவு ஒடுக்கமாக இருக்கிறது? டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகிய மூவரும் 1990இல் வெளியிட்ட சோதனை இதற்கு ஒரு விடை தந்தது. மாணவர்களில் பாதிப் பேருக்குக் காபிக் கோப்பை ஒன்றைக் கொடுத்துவிட்டு, என்ன விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டார்கள். மற்றவர்கள் அதே கோப்பைக்குத் தர முன்வந்த விலையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கைக் கையில் வைத்திருந்தவர்கள் கேட்டார்கள். அது சில நிமிடங்களுக்கு முன் கைக்கு வந்த கோப்பை. முப்பது வருஷம் வைத்திருந்த பட்டுப்புடவைக்கு என்ன கணக்கு போடுவது? அதற்கும் மேல், பஞ்சத்தையும் ரேஷன் வரிசையையும் பார்த்த தலைமுறை ‘எதுக்காவது ஆகும்’ என்று எடுத்துவைப்பதில் அனுபவத்தின் அறிவு இருக்கிறது. ஹார்லிக்ஸ் பாட்டிலில் பருப்பு போட்டுவைத்த கை, பிளாஸ்டிக் டப்பாவையும் தூக்கிப் போடாது. பாட்டில் மாதத்துக்கு ஒன்று வந்தது. டப்பா வாரத்துக்கு ஐந்து வருகிறது. பழக்கம் அதேதான், அளவு மாறிவிட்டது.

தமிழர்களிடம் ஒழிப்பதற்கென்றே ஒரு நாள் உண்டு. போகியன்று கிழிந்த பாய், தேய்ந்த துடைப்பம், உடைந்த முறம் எல்லாம் வாசலில் எரியும். அவை ஓலையும் கோரையும் நாரும். இன்று வீட்டில் சேர்வது டயர், தெர்மாகோல், ஒயர், ரெக்ஸின். 2018 போகியன்று எழுந்த புகைமூட்டத்தில் சென்னை விமான நிலையத்தின் போக்குவரத்தே தடைபட்டது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் எரிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறது. பழைய பொருள்களை மாநகராட்சி வந்து வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்கிறது. நாள் நல்ல நாள்தான். ஆண்டு முழுவதும் வந்து சேர்ந்ததை ஒரே நாளில் வெளியேற்ற நினைப்பதுதான் இயலாததாகிவிட்டது.

இனி, தீர்வு சொன்னவர்களைப் பார்க்கலாம். அவர்களில் உலகப் புகழ் பெற்றவர் ஜப்பானின் மரீ கோண்டோ. 2010இன் கடைசியில் ஜப்பானிய மொழியில் வந்த அவருடைய புத்தகம் 2014இல் ஆங்கிலத்துக்குப் போனது. 2019 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் தொடராகவும் வந்தது. துணி, புத்தகம், காகிதம், மற்றவை, நினைவுப் பொருள் என்ற வரிசையில் வீட்டிலுள்ள அனைத்தையும் எடுத்துக் குவித்து, ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்து, மனதுக்கு மகிழ்ச்சி தருவதை மட்டும் வைத்துக்கொள்வது அவர் முறை. அதில் நல்ல அம்சங்கள் இருக்கின்றன. அறை அறையாகப் போகாமல் வகை வகையாகப் போவதால், ஒரே மாதிரிக் கத்தரிக்கோல் ஆறு இருப்பது தெரிந்துவிடும். நினைவுப் பொருளைக் கடைசிக்குத் தள்ளுவதும் புத்திசாலித்தனம்தான். பழைய போட்டோவில் கைவைத்தால் அன்றைய வேலை அங்கேயே நின்றுவிடும். ஆனால் அந்த முறைக்குத் தொடர்ச்சியான நாள்கள் வேண்டும். தூங்கும் குழந்தையோ படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவரோ உள்ள வீட்டில் எல்லாத் துணியையும் கட்டிலில் கொட்ட முடியாது. மூன்றாவது குழந்தை பிறந்த பிறகு, 2023இல், வீட்டை ஒழுங்காக வைத்திருப்பதை ஓரளவு கைவிட்டுவிட்டதாகவும், பிள்ளைகளோடு நேரம் செலவிடுவதே இப்போது தனக்கு முக்கியம் என்றும் கோண்டோவே சொன்னார். சிலர் இதை அவரது தோல்வி என்றார்கள். அவர் சொன்னவற்றிலேயே மிகவும் பயனுள்ளது இதுதான் என்று தோன்றுகிறது.

வீட்டுச் சுத்தத்தின் அளவுகோல் காலத்துக்குக் காலம் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய நூலில் காட்டியதுபோல, வாஷிங் மெஷினும் வாக்குவம் கிளீனரும் வந்த பிறகு அமெரிக்க இல்லத்தரசியின் வேலை குறையவில்லை. துணி இன்னும் அடிக்கடி துவைக்கப்பட்டது, தரை இன்னும் பளிச்சென்று இருக்கவேண்டும் என்று ஆனது. ஜோன் வானெக் 1974இல் தந்த கணக்குப்படி, வெளியில் வேலைக்குப் போகாத அமெரிக்கப் பெண்கள் 1920களில் வாரம் 52 மணி நேரம் வீட்டு வேலை செய்தார்கள். 1960களில் 55 மணி நேரம். இன்று அந்த அளவுகோலை நிர்ணயிப்பது போன் திரையில் வரும் வெள்ளைச் சமையலறைப் படங்கள். அவற்றில் புளிப்பானையும் இல்லை, எண்ணெய்த் தூக்கும் இல்லை, மூன்று வேளை சமைத்த அடையாளமும் இல்லை.

நேரமில்லாதவர்களுக்கு உதவும் யோசனைகள் எளியவை. கே.சி. டேவிஸ் என்ற அமெரிக்க மனநல ஆலோசகர், இரண்டாவது குழந்தை பிறந்து கொரோனா ஊரடங்கில் தனித்துவிடப்பட்ட நிலையில் தனக்காகவே ஒரு வழி கண்டார். எந்த அறையிலும் ஐந்தே வகைதான் இருக்கும் என்கிறார்: குப்பை, பாத்திரம், துணி, இடமுள்ள பொருள், இடமில்லாத பொருள். அந்த வரிசையில் செய்துகொண்டே போகலாம், எந்த இடத்திலும் நிறுத்திவிடலாம். முதல் மூன்றோடு நின்றாலும் அறை புழங்கத் தகுந்ததாகிவிடும்; முடிவெடுக்கும் வேலை கடைசி வகைக்கு மட்டும் மிஞ்சும். பிள்ளைகளின் பொம்மைக்கும் ஆய்வு சார்ந்த வழி இருக்கிறது. அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழகத்தில் 36 சின்னஞ்சிறு குழந்தைகளை ஒரு முறை நாலு பொம்மையோடும், ஒரு முறை பதினாறு பொம்மையோடும் விளையாடவிட்டார்கள். 2018இல் வெளியான முடிவு: நாலு மட்டும் இருந்தபோது குழந்தைகள் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், பல விதமாக விளையாடின. எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்பதில்லை. ஒரு சாக்கில் கட்டிப் பாதியைக் கட்டிலுக்கு அடியில் வைத்து, மாதம் ஒரு முறை மாற்றி எடுத்தால் போதும்.

இங்கே ஒரு கோடு கிழித்துச் சொல்ல வேண்டிய நிலையும் இருக்கிறது. எதையும் விட்டுக்கொடுக்க முடியாமல், விடச் சொன்னாலே தாங்கமுடியாத வேதனை ஏற்பட்டு, படுக்கையில் படுக்க, அடுப்பில் சமைக்க இடமில்லாத அளவுக்குப் பொருள் சேர்ப்பது நோய். ராண்டி ஃப்ராஸ்ட், கெயில் ஸ்டெகெட்டி போன்றோரின் பல ஆண்டு ஆய்வுக்குப் பின், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் அதைத் தனி நோயாக வகைப்படுத்தியது. 1947இல் நியூயார்க் ஹார்லெமில் கோலியர் சகோதரர்கள் இருவர் தங்கள் வீட்டில் இறந்து கிடந்தார்கள். தம்பி லாங்லி குவியல் சரிந்து நசுங்கியும், பார்வையிழந்த அண்ணன் ஹோமர் சோறு கொடுக்க ஆளின்றியும். நூறு டன்னுக்கும் மேற்பட்ட பொருள்கள் அங்கிருந்து அகற்றப்பட்டன. முதுமையில் இந்நோய் கூடுதலாகத் தெரிகிறது. அப்படிப்பட்டவர் ஊருக்குப் போயிருக்கும்போது வீட்டைக் காலிசெய்துவிடும் பிள்ளைகள் நல்லது செய்வதாகவே நினைக்கிறார்கள். ஆனால் அது அவரை உடைத்துவிடும், குவியலும் திரும்ப வந்துவிடும். அவருக்கு வேண்டியது மனநல மருத்துவரும் பொறுமையான உளவியல் சிகிச்சையும். சாதாரண அடைசலுள்ள வீட்டில் இந்த நோயின் பெயரைச் சொல்லித் திட்டுவதும் அதே அளவு தவறு.

அப்படியானால் எதை முதலில் ஒழிப்பது? ஆய்வுகள் கை நீட்டும் இடம் வரவேற்பறை அல்ல, வயதானவர் நடக்கும் பாதை. உலக சுகாதார நிறுவனக் கணக்கின்படி கீழே விழுந்து இறப்பவர்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய 6,84,000 பேர். 2023இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, வீட்டில் தடுக்கி விழச் செய்யும் பொருள்களை அகற்றி, கைப்பிடி, வழுக்காத படி போன்றவை அமைத்தால் முதியோர் விழுவது 26 சதவீதம் குறைவதாகவும், ஏற்கெனவே விழும் ஆபத்து அதிகமுள்ளவர்களிடம் 38 சதவீதம் குறைவதாகவும் காட்டியது. வீட்டு அடைசலை ஒழித்துக் கிடைக்கும் நன்மைகளில் உறுதியாக அளக்கப்பட்ட ஒன்று இது. கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை பத்தடி. அந்த வழியில் மடங்கிக் கிடக்கும் மிதியடி, குறுக்கே ஓடும் ஒயர், சுவரோரம் சாய்த்த அயர்ன் பலகை. இதற்கு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தேவையில்லை. கால் மணி நேரம் போதும்.

இரண்டாவது, காகிதம். 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு, பட்டா, கல்விச் சான்றிதழ், ரேஷன் கார்டு என எல்லாவற்றையும் இழந்தவர்களுக்காகச் சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் அரசு சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டிவந்தது. பீரோ நிறைந்த வீட்டில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய ஒரே பை எது என்பது அன்று பல குடும்பங்களுக்குத் தெரியவில்லை. கேட்பாரற்றுப் போன வங்கி டெபாசிட்டுகள் இன்னொரு பாடம். 2023 பிப்ரவரி வரை பொதுத்துறை வங்கிகள் மட்டும் ரிசர்வ் வங்கிக்கு மாற்றியிருந்த அத்தகைய தொகை சுமார் 35,000 கோடி ரூபாய். தேடிக் கண்டுபிடிக்க வசதியாக ரிசர்வ் வங்கி அந்த ஆண்டு ஆகஸ்டில் ‘உத்கம்’ என்ற இணையதளத்தைத் தொடங்கியது. இப்படிப் பணம் தேங்கக் காரணங்கள் பல; அப்பாவுக்கு எந்த வங்கியில் கணக்கு என்று பிள்ளைகளுக்குத் தெரியாமலேயே போவது அவற்றில் ஒன்று. வீட்டுப் பத்திரம், பாலிசி, பாஸ்புக், நாமினி விவரம், மருத்துவக் காப்பீட்டு அட்டை எல்லாம் ஒரே உறையில், வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிந்த இடத்தில் இருந்துவிட்டால், மற்ற ரசீதுக் குவியல் அடுத்த பொங்கல் வரை காத்திருக்கட்டும்.

பெரியவர்களின் பொருளைப் பற்றி ஸ்வீடனில் ஒரு வழக்கம் இருக்கிறது. தான் இறந்த பிறகு பிள்ளைகளுக்குச் சுமையாகக்கூடாது என்று, உயிரோடு இருக்கும்போதே சாமான்களைக் குறைத்துவிடுவது. மார்கரெட்டா மாக்னுசன் 2017இல் எழுதிய நூலால் அது வெளியுலகுக்குத் தெரிந்தது. தமிழ் வீட்டில் சாவைப் பெயர் சொல்லி இப்படிப் பேச முடியாது. ஆனால் பாட்டியே தன் கையால் பேத்திக்கு ஒரு செம்பு, மருமகளுக்கு ஒரு புடவை என்று கொடுப்பது இங்கும் உண்டு. கொடுக்கும்போது அந்தப் பொருளின் கதையையும் சொல்வார். பிள்ளைகள் கேட்டால் இப்படிக் கொடுக்கத் தொடங்கப் பெரியவர்களும் தயாராகவே இருப்பார்கள்.

கடைசியாக, வெளியேறுவது எங்கே போகிறது என்பது. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரைக்கு லாரி லாரியாகப் பழந்துணி வந்து இறங்கியது. கிழிந்தது, சாயம் போனது, மீனவப் பெண்கள் உடுத்தவே உடுத்தாத உடை. பெருமளவு தெருவோரத்தில் கிடந்து நனைந்தது. தங்கள் அலமாரியின் அடைசலை நல்ல மனதோடு இன்னொருவர் வாசலில் இறக்கிவிட்டார்கள். 1999இல் டெல்லியில் தொடங்கப்பட்ட கூஞ்ச் அமைப்பு அந்த மிச்சத் துணிகளை எடுத்துப் பிரித்துப் பயன்படுத்தியது. உடுத்த உதவாத பருத்தியை அது மாதவிடாய்க்கால அணையாடைகளாகத் தைக்கிறது. அந்தப் பிரிக்கும் வேலையைக் கொடுப்பவர் வீட்டிலேயே செய்திருக்க முடியும். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் பட்டன் அறுந்த சட்டைகளை மூட்டையாகக் கட்டிக் கொடுக்கும்போதும் இதே கதைதான் நடக்கிறது. எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்ற முடிவு, கொடுத்த வீட்டைவிடச் சிறிய வீட்டில் இருக்கும், கொடுத்தவரைவிட நேரம் குறைந்த இன்னொரு பெண்ணின் தலையில் போய் உட்காருகிறது. எது வேண்டும் என்று அவரை முதலில் கேட்கலாம். அவர் வேண்டாம் என்றவற்றைப் பிரித்துக் கட்டி, பழைய பேப்பர் கடைக்கோ காயலான் கடைக்கோ கொண்டுபோகும் வேலையை அந்த 88 நிமிட ஆண்கள் எடுத்துக்கொள்ளலாம்.